பேராயர் அப்பாசாமி: ஆயர் கோலை இறக்கி வைத்த பின்



உங்கள் காணிக்கைகளோடு வரும் கடிதங்களில் ஜெபக் குறிப்புகள் இருக்கும். சில வேளைகளில் கேள்விகளும் இருக்கும். அப்படி வந்த ஒன்று, "பேராயர் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டால் அவர் இன்னும் பேராயர்தானா? அதன் பின்பு அவருக்கு என்ன வேலை?" என்பது. விளையாட்டாகக் கேட்டது போலத் தோன்றினாலும் இது நல்ல கேள்வி. ஆகவே இந்த இதழில் அதற்கே இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

முதல் பாதிக்குப் பதில் எளிது. ஆங்கிலிக்கன் மரபிலும், அந்த மரபை உள்வாங்கிய நமது தென்னிந்தியத் திருச்சபையிலும், பேராயராக அபிஷேகம் பெறுவது ஒருமுறை நடப்பது. அதைத் திரும்பப் பெறுவதில்லை. ஓய்வு பெறும்போது அவர் விட்டுக்கொடுப்பது திருமண்டலத்தின்மேல் தமக்குள்ள ஆளுகையை மட்டுமே. கோப்புகளில் கையெழுத்திடுவதும், குருவானவர்களை இடம் மாற்றுவதும், மன்றத்திற்குத் தலைமை வகிப்பதும் அவரை விட்டுப் போகின்றன. பிரசங்கிக்கவும், சாக்கிரமெந்துகளை நிறைவேற்றவும், அழைக்கப்பட்டால் திடப்படுத்தல் ஆராதனை நடத்தவும் தடை இல்லை. பழைய நாட்களில் ஓய்வு என்பதே அபூர்வம். கேன்டர்பரிப் பேராயர்களில் தாமே பதவியை விட்டு ஓய்வு பெற்ற முதல்வர் ராண்டால் டேவிட்சன். அது நடந்தது 1928இல்தான். அதற்கு முன் அந்தப் பீடத்தில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் பதவியிலேயே மரித்தார்கள். நம் நாட்டின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல் பேராயராக இருக்கும்போதே நித்திரையடைந்தார். ஓய்வு என்ற ஒன்று அவர் அறியாதது.

இரண்டாம் பாதிக்கு, அதாவது "அதன் பின்பு என்ன வேலை?" என்பதற்கு, ஒரு மனிதருடைய வாழ்க்கையைச் சொல்வதே சரியான பதில். அவர் ஐயாத்துரை ஜேசுதாசன் அப்பாசாமி. நம் நீலகிரிச் சபைகள் சேர்ந்திருக்கிற கோயம்புத்தூர் திருமண்டலத்தின் முதல் பேராயர். 1950இல் அபிஷேகம் பெற்று 1959இல் ஓய்வு பெற்றார். 1975 வரை உயிரோடிருந்தார். பேராயராக இருந்தது ஒன்பது ஆண்டுகள். ஓய்வில் இருந்தது பதினாறு ஆண்டுகள். அவருடைய பெயரை இன்று நம் சபைகளில் பலர் அறியார். இறையியல் கல்லூரிகளிலோ இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனை என்று தொடங்கினால் முதல் சில பெயர்களுக்குள் அவர் பெயர் வந்துவிடும். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் ஆராய்ந்து எழுதிய ஒருவரை அவருடைய சொந்தத் திருமண்டலத்து விசுவாசிகள் மறந்துவிட்டார்கள் என்பது எங்களுக்கு வருத்தம்.

அப்பாசாமி 1891இல் பாளையங்கோட்டையில் பிறந்தார். அவரைப் புரிந்துகொள்ள அவருடைய தகப்பனாரிலிருந்து தொடங்க வேண்டும். திவான் பகதூர் ஏ. எஸ். அப்பாசாமிப் பிள்ளை சைவக் குடும்பத்தில் பிறந்த வக்கீல். இருபதுகளின் நடுவில், வாலிப வயதில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர். அந்த நாளில் திருநெல்வேலிச் சைவ வேளாளர் ஒருவர் ஞானஸ்நானம் பெறுவது என்றால் வீட்டிலும் தெருவிலும் என்ன நடந்திருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'இரட்சணிய யாத்திரிகம்' பாடிய கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் வட்டத்தில் இருந்தவர் அவர். கிருஷ்ணபிள்ளை வைணவத்திலிருந்து வந்தவர். ஞானஸ்நானத்துக்குப் பின்னும் கம்பனையும் ஆழ்வார்களையும் அவர் நாவு மறக்கவில்லை. பன்யனின் மோட்சப் பயணத்தைத் தமிழ்க் காப்பியமாக்கும்போது அந்த நடை தானாக உள்ளே வந்து அமர்ந்துகொண்டது.

மகன் வளர்ந்தது அப்படிப்பட்ட சூழலில். வீட்டில் ஜெபம் உண்டு, வேதாகமம் உண்டு, அதே வீட்டில் தமிழ்ப் பக்திப் பாடல்களின் ஓசையும் உண்டு. அதற்கு மேல் ஒன்றும் நடந்தது. தகப்பனார் முதிர்ந்த வயதில், ஜெபத்தில் மனதை ஒருமுகப்படுத்துவதற்காக இந்து குரு ஒருவரிடம் யோகப் பயிற்சி கற்றுக்கொண்டார். அந்தப் பயிற்சியோடு செய்த தியானத்தில் கிறிஸ்துவின் தரிசனங்களைக் கண்டதாகச் சாட்சி சொன்னார். ஜெபத்தில் யோகத்தின் பயன்பாடு பற்றி ஒரு சிறு நூலும் எழுதினார். இன்றைக்கு ஒரு சபை மூப்பர் இப்படிச் செய்தால் அடுத்த ஞாயிறே குருமனையில் கூட்டம் கூடிவிடும். அக்காலத்தில் என்ன பேசிக்கொண்டார்களோ, மகன் தம் தகப்பனாரைக் குறித்து வெட்கப்படவில்லை. 

ஆக, அவருக்குள் ஒரு கேள்வி சிறு வயதிலேயே விழுந்துவிட்டது. தமிழன் ஒருவன் கிறிஸ்துவை நேசிக்கும்போது, தன் முன்னோர் இறைவனை நேசித்த மொழியிலேயே நேசிக்கலாமா? அப்படிச் செய்தால் கிறிஸ்துவுக்கு ஏதாவது குறைந்துபோகுமா? பேராயர் அங்கியை அணிவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியை அவர் கையில் எடுத்துவிட்டார். அங்கியைக் கழற்றிய பிறகும் அதை வைக்கவில்லை.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது மேற்படிப்புக்காக அமெரிக்கா போனார். ஹார்ட்ஃபோர்டு, ஹார்வர்டு, பின்பு இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு. அங்கே 1922இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆராய்ச்சித் தலைப்பைக் கவனியுங்கள்: இந்து பக்தி இலக்கியத்தின் மறைஞானமும், யோவான் சுவிசேஷத்தின் மறைஞானத்தோடு அதற்குள்ள உறவும். பாளையங்கோட்டை வீட்டின் கேள்வியே பல்கலைக்கழக உடுப்பு போட்டுக்கொண்டு வந்து நின்றதுபோல் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திருவாசகம் புதிதல்ல. 1860களில் நம் உதகையில் பள்ளி நடத்திய ஜி. யூ. போப் ஐயர், பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் கற்பித்தார். அங்கிருந்தே 1900இல் திருவாசகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். போப் ஐயர் வெளியே இருந்து உள்ளே வந்து வியந்தவர். அப்பாசாமியோ வீட்டுப் பிள்ளை.

ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த காலத்தில் கத்தோலிக்கச் சிந்தனையாளர் பாரன் ஃபான் ஹ்யூகலின் ஆலோசனை அவருக்குக் கிடைத்தது. ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ருடால்ஃப் ஓட்டோ, ஃபிரெட்ரிக் ஹைலர் போன்ற அறிஞர்களோடு பழகினார். எல்லாவற்றிலும் முக்கியமான சந்திப்பு வேறு. 1920இல் சாது சுந்தர் சிங் இங்கிலாந்துக்கு வந்தார். அப்பாசாமியும் அவருடைய ஆசிரியரான பி. எச். ஸ்ட்ரீட்டரும் சாதுவோடு அமர்ந்து அவருடைய பேச்சுகளையும் அனுபவங்களையும் குறித்துக்கொண்டு, 1921இல் 'சாது' என்ற ஆங்கில நூலை வெளியிட்டார்கள். உலகெங்கும் சுந்தர் சிங்கை அறியச் செய்த நூல்களில் அது ஒன்று.

சாது சொல்லி வந்த ஒரு கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ரயில் பயணத்தில் வெயிலால் மயங்கிய உயர்குலத்தார் ஒருவருக்கு வெள்ளைக் கோப்பையில் தண்ணீர் கொடுத்தார்களாம். சாகும் நிலையிலும் அவர் அதைத் தொடவில்லை. அதே தண்ணீரை அவருடைய சொந்தச் சொம்பில் கொடுத்தபோது வாங்கிக் குடித்தார். ஜீவத்தண்ணீரை இந்தியப் பாத்திரத்தில் கொடுங்கள் என்பது சாதுவின் வாதம். கதையில் ஜாதித் தீட்டு ஒளிந்திருப்பதை நாம் பார்க்காமல் விடக்கூடாது. அதைப் பற்றிப் பின்னால் பேசுவோம். அப்பாசாமி செய்த வேலை இந்தக் கதைக்கு அடுத்த படி. சொம்பு சொம்பு என்கிறோமே, அது எந்தச் சொம்பு, அதன் வாய் எவ்வளவு, அதில் ஓட்டை உண்டா என்று எடுத்துப் பார்த்தவர் அவர்.

நாடு திரும்பிய பின் 1920களில் சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தில் பதிப்பாசிரியராக இருந்தார். பக்தி மார்க்கமாகக் கிறிஸ்தவத்தை விளக்கும் நூல் 1927இல் வெளிவந்தது. மோட்சம் என்றால் என்ன என்பதைக் குறித்த நூல் 1931இல். இவை இரண்டும் ஆங்கில நூல்கள். அவற்றின் சாரத்தை நாங்கள் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறோம்.

அக்காலத்தில் மேல்நாட்டு அறிஞர்களும் நம் நாட்டுப் படித்த வகுப்பாரும் இந்திய சமயம் என்றாலே அத்வைதம் என்று பேசினார்கள். ஆத்துமாவும் பரம்பொருளும் ஒன்றே, மற்றதெல்லாம் தோற்றம் என்கிற போதனை. யோவான் சுவிசேஷத்தில் ஆண்டவர் தாமும் பிதாவும் ஒன்று என்று சொல்லியிருக்கிறாரே, அதுவும் இதுதானே என்று கேட்பவர்கள் இருந்தார்கள். அப்பாசாமி அங்கேதான் குறுக்கே நின்றார். ஆண்டவர் பிதாவோடு ஒன்றாயிருந்தது துளி கடலில் கரைந்து காணாமற்போவது போன்ற ஒன்றிப்பு அல்ல. அன்பினாலும் கீழ்ப்படிதலினாலும் ஆன ஒன்றிப்பு என்றார். ஜெபிக்கிற குமாரன் ஒருவர், கேட்கிற பிதா ஒருவர். இருவர் இருந்தால்தான் அன்பு இருக்க முடியும். இந்தியாவில் இதைப் புரிந்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள், தென்னாட்டிலேயே இருக்கிறார்கள். அத்வைதத்தை எதிர்த்து, அடியானும் ஆண்டவனும் ஒருபோதும் ஒன்றாய்க் கரைவதில்லை என்று நிலைநாட்டியவர் ராமானுஜர். அந்த அன்பில் உருகிப் பாடியவர்கள் ஆழ்வார்களும் நாயன்மார்களும் மாணிக்கவாசகரும். ஆகவே இந்தியத் தத்துவத்தோடு பேசப்போகும் கிறிஸ்தவன் சங்கரரின் வாசலில் மட்டும் நிற்க வேண்டியதில்லை, பக்தர்களின் வாசல் அதைவிட அருகில் இருக்கிறது என்பது அவர் கண்ட வழி.

யோவான் சுவிசேஷத்தில் திராட்சச் செடியும் கொடியும் பற்றிய பகுதி அவருக்கு எல்லாவற்றுக்கும் நடுமையம். கொடி செடியில் நிலைத்திருப்பதுபோல் விசுவாசி கிறிஸ்துவில் நிலைத்திருப்பதே மோட்சம். மோட்சம் சாவுக்குப் பின் போய்ச் சேரும் ஊர் அல்ல. இங்கேயே தொடங்கும் ஜீவியம். உள்ளே குடியிருந்து நடத்துகிற இறைவனை வைணவர் 'அந்தர்யாமி' என்பார்கள். அந்தச் சொல்லை அவர் எடுத்துக்கொண்டார். ராமானுஜர் உலகத்தை இறைவனின் சரீரம் என்றும் இறைவனை அதன் உள்ளுயிர் என்றும் சொன்னதை எடுத்துக்கொண்டு, ஆண்டவரின் மாம்ச சரீரம், திருவிருந்தின் அப்பம், சரீரமாகிய திருச்சபை என்று நாம் சொல்லும் எல்லாவற்றையும் அந்த ஒளியில் வைத்துப் பார்த்தார். அவதாரம் என்ற சொல்லையும் விடவில்லை. ஆனால் வேறுபாட்டையும் மறைக்கவில்லை: கிறிஸ்துவின் அவதாரம் ஒருமுறை நிகழ்ந்தது, முழுமையானது, துஷ்டரை அழிக்க அல்ல, பாவிகளை மீட்க நிகழ்ந்தது.

இது எல்லாருக்கும் பிடித்ததா? இல்லை. அன்பின் ஒன்றிப்பு என்று மட்டும் சொன்னால் குமாரனுடைய தெய்வத்துவம் குறைந்துபோகாதா என்று இறையியலாளர்கள் கேட்டார்கள். உருக்கத்தைப் பேசுகிறவர் சிலுவையின் கொடூரத்தையும் பாவத்தின் கனத்தையும் போதுமான அளவு பேசுகிறாரா என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான். வாசிக்கும்போது எங்களுக்கும் சில இடங்களில் அந்த உறுத்தல் உண்டு.

1930களில் கல்கத்தா பிஷப்ஸ் கல்லூரியில் கற்பித்தார். ஆங்கிலிக்கன் குருவாக அபிஷேகம் பெற்றிருந்த அவர் பின்னர் திருநெல்வேலிக்குத் திரும்பி ஊழியம் செய்தார். சுவிசேஷத்தையும் இந்தியாவின் பாரம்பரியத்தையும் பற்றிய அவருடைய நூல் 1942இல் வந்தது. பிறகு 1947 செப்டம்பர் 27. சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர் ஆளுகை இல்லாத மரபுகளும் அப்படிப்பட்ட ஆளுகை உள்ள ஆங்கிலிக்கன் மரபும் ஒரே சபையாக இணைந்தது உலகத் திருச்சபை வரலாற்றில் புதியது. இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன்கள் பலருக்கு அது ஆண்டுக்கணக்கில் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. இன்று நம் சபை உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்திலும் உறுப்பு. அந்தப் புதிய சபையில் 1950இல் கோயம்புத்தூர் திருமண்டலம் உருவானபோது அதன் முதல் பேராயராக அப்பாசாமி வந்தார்.

அந்த ஒன்பது ஆண்டுகளைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை. வெவ்வேறு மிஷன்களின் கீழ் வளர்ந்த சபைகள் வெவ்வேறு ஆராதனை முறைகளோடும் வெவ்வேறு மனத்தாங்கல்களோடும் ஒரே குடும்பமாகப் பழக வேண்டியிருந்த காலம் அது. திருமண்டல வேலை என்றால் பாதி கட்டிடம், பாதி வழக்கு என்று மூத்த குருவானவர்கள் சொல்வார்கள். சிந்தனையாளர் ஒருவருக்கு அந்த நாற்காலி எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். ஆனாலும் சுந்தர் சிங்கின் வாழ்க்கை வரலாற்றை அந்தப் பொறுப்புகளின் நடுவிலேயே எழுதி 1958இல் வெளியிட்டார். சாது 1929இல் திபெத்துக்குப் புறப்பட்டுத் திரும்பாமற்போய் அப்போது ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆகியிருந்தது. அவருடைய தரிசனங்களின் உண்மையைச் சந்தேகித்துப் பலர் எழுதிவிட்டிருந்தார்கள். வாலிபத்தில் பழகிய நண்பருக்காக அறுபதைத் தாண்டிய பேராயர் மறுபடி பேனா எடுத்தார்.

1959இல் ஓய்வு பெற்றார். வயது ஏறக்குறைய 68. இந்த இடத்திலிருந்துதான் நம் பங்காளரின் கேள்விக்குப் பதில் தொடங்குகிறது.

1964இல் தம் இறையியல் தேடலைப் பற்றி ஒரு சிறு நூல். 1966இல் கிருஷ்ணபிள்ளையின் வாழ்க்கையும் படைப்புகளும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல். தகப்பனாருடைய வட்டத்துக் கவிஞரை உலகத்துக்கு அறிமுகம் செய்ய அவருக்கு 75 வயது ஆக வேண்டியிருந்தது. 1969இல் தன்வரலாறு. 1970இல் இந்து பக்தியின் இறையியல் பற்றிய நூல். ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சி முடிந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து அதே பொருளுக்குத் திரும்பியிருக்கிறார். 1971இல், 80 வயதில், கிறிஸ்தவப் பிரமாணங்கள் பற்றிய நூல். மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்திக்கும்போது, "ரிட்டையர் ஆனேன், அதோடு எல்லாம் போச்சு" என்று சொல்லும் ஆசிரியர்களையும் எஸ்டேட் கணக்கர்களையும் நாங்கள் பார்க்கிறோம். அவர்களிடம் இந்தப் பட்டியலைச் சொல்லியிருக்கிறோம். சிலர் சிரிப்பார்கள், ஒன்றிரண்டு பேர் நோட்டுப் புத்தகம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

1971இல் வந்த கடைசி நூலைச் சற்று விளக்க வேண்டும். ஒரு காரியம் உண்மை என்று எதைக்கொண்டு தீர்மானிப்பது? நம் நாட்டுத் தத்துவ மரபுகள் இதற்குப் 'பிரமாணம்' என்ற சொல்லை வைத்திருக்கின்றன. சுருதி, யுக்தி, அனுபவம் என்று வரிசை சொல்வார்கள்: மறை நூல், பகுத்தறிவு, சொந்த அனுபவம். அப்பாசாமி இவை மூன்றையும் ஏற்றுக்கொண்டு நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்: சபை. வேதாகமத்தைத் தனியாக உட்கார்ந்து வாசிக்கிறவனும் தவறிப் போகலாம். தரிசனம் கண்டவனும் தவறிப் போகலாம். விசுவாசிகளின் கூட்டம் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தகப்பனாரின் தரிசனங்களையும் சாதுவின் தரிசனங்களையும் அருகிலிருந்து அறிந்தவர், அனுபவத்தை அவ்வளவு உயர்த்திப் பேசியவர், முடிவில் அனுபவத்துக்கு ஒரு காவலையும் வைத்துவிட்டுப் போனார். அவருக்கு எதிரான விமர்சனங்களுக்கு அவர் தந்த நல்ல பதில் இதுவே என்பது எங்கள் எண்ணம். திருமண்டலத்தை ஒன்பது ஆண்டு சுமந்திராவிட்டால் அந்த நான்காம் சொல் அவருக்கு அவ்வளவு உறுதியாக வந்திருக்குமா என்பது சந்தேகமே. நாற்காலியில் கழிந்த நாட்கள் வீணாகப் போகவில்லை.

இவரைப் போலவே ஓய்வை வேலையாக்கிய இன்னொருவரையும் நாம் அறிவோம். 1947இல் 37 வயதில் மதுரை-இராமநாதபுரம் பேராயராக அபிஷேகம் பெற்று, பின்பு சென்னைப் பேராயராக இருந்து 1974இல் ஓய்வு பெற்ற லெஸ்லி நியூபிகின். அவர் பிரெஸ்பிட்டேரியன் மரபிலிருந்து வந்தவர். ஓய்வுக்குப் பின் மனைவியோடு இரண்டு பெட்டியும் ஒரு முதுகுப்பையுமாக, கிடைத்த பஸ்களில் ஏறி, தரைவழியாகவே இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். பின்னர் பர்மிங்காமில் சிறைச்சாலைக்கு எதிரே, மூடிவிடலாம் என்று நினைத்திருந்த ஒரு சின்னஞ்சிறு சபையைத் தம் எழுபதாவது வயதில் மேய்க்க ஏற்றுக்கொண்டார். இந்தியாவில் கற்ற மிஷனரிக் கேள்விகளை மேற்கத்திய நாடுகளை நோக்கியே திருப்பிக் கேட்டுப் புத்தகங்கள் எழுதினார், 1998இல் மரித்தார். நியூபிகினுடைய பெயர் உலகமெங்கும் பரவியது. அப்பாசாமியின் ஓய்வோ இங்கேயே, மேஜையும் புத்தகமுமாக அமைதியில் கழிந்தது. பங்காளர்களே, நீங்கள் இருவரில் யாரைப் பெரிதாக நினைத்தாலும் எங்களுக்கு ஆட்சேபமில்லை. எங்கள் மனம் மட்டும் கோயம்புத்தூர்ப் பக்கம் சாய்கிறது.

மேலே தள்ளிவைத்த காரியத்துக்கு வருவோம். 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் என்னும் இறையியலாளர் ஆற்றிய உரை, இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனையின் போக்கையே திருப்பியது. இந்தியத் திருச்சபையின் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட மக்கள். அப்படியிருக்க நம் இறையியலாளர்கள் சமஸ்கிருத மரபோடும் உயர்குலத்துச் சமயத்தோடும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தது எப்படி என்று அவர் கேட்டார். தலித் இறையியல் அங்கிருந்து வளர்ந்தது. அந்தக் கேள்வி அப்பாசாமியையும் தொடுகிறது. இந்தியப் பாத்திரம் என்றால் யாருடைய பாத்திரம்? ரயிலில் மயங்கியவரின் சொம்பைப் பற்றிக் கதை சொன்னோம். அந்தச் சொம்பைத் தொட அனுமதிக்கப்படாதவர்களைப் பற்றிக் கதை சொன்னோமா?

கூடலூரில் இருக்கும் எங்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. எங்கள் வார்டுகளுக்கு வருகிறவர்கள் பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர். 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து இங்கே தேயிலை கிள்ளியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். மலையாளமும் கன்னடமும் பேசும் எல்லைப்புறத்து மக்கள். பணியத் தாய் ஒருத்திக்கு ராமானுஜரைத் தெரியாது. அவள் முன்னோரின் தெய்வங்களுக்கு ஏடு இல்லை, கோபுரம் இல்லை. அவளிடம் அந்தர்யாமி என்று சொன்னால், நிக்கேயா விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னதுபோல்தான். இந்த அளவில் நிர்மலின் கேள்வி சரியே என்று நாங்கள் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனாலும் பேராயரைத் தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. பக்தி மரபு முழுவதும் மேல்குலத்தாருடையது என்று சொல்வதும் சரியல்ல. நந்தனாரும் திருப்பாணாழ்வாரும் வாசலுக்கு வெளியே நின்று பாடியவர்கள். அவர்களுடைய உருக்கத்தைத்தான் உள்ளே இருந்தவர்கள் பிற்பாடு கொண்டாடினார்கள். அது மட்டுமல்ல. பேராயர் பிடித்துக்கொண்ட சொல் எது? நிலைத்திருத்தல். அதற்கு வடமொழி வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு, மூச்சுத் திணறும் பெரியவர் ஒருவர், "சாமி என்னை விட்டுட்டுதோ?" என்று கேட்கும்போது, அவர் எந்த மதத்தினராயிருந்தாலும், கேட்பது இதைத்தான். என்னோடு யாராவது இருக்கிறார்களா, இருந்துகொண்டே இருப்பார்களா என்பதைத்தான். அந்த நேரத்தில் நாங்கள் பிரசங்கிப்பதில்லை. நோயாளியின் பலவீனத்தைச் சந்தர்ப்பமாக்குவது ஊழியம் அல்ல. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அவர் கேட்டுக்கொண்டால் ஜெபிக்கிறோம். அப்போது வாயில் வரும் தமிழ் பெரும்பாலும் பக்தர்களின் தமிழாகவே இருக்கிறது: அடியேன், தஞ்சம், தாள், அருள், துணை. இந்தச் சொற்களைக் கிறிஸ்தவர்கள் கூச்சமின்றிச் சொல்லலாம் என்று ஒருவர் வாழ்நாள் முழுவதும் உழைத்து நிறுவியிருக்கிறார் என்பதை எண்ணும்போது எங்களுக்கு ஆறுதல் உண்டாகிறது. பணியத் தாயின் பாட்டிலிருந்து வரவேண்டிய சொற்களை இனி வேறு யாராவது, முடிந்தால் அவளுடைய பேத்தியே, எழுதட்டும். அப்பாசாமி தம் வீட்டில் கிடைத்ததைக்கொண்டு வேலை செய்தார்.

அவருடைய நூல்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளவை. பல ஆண்டுகளாகக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. இறையியல் கல்லூரி நூலகங்களில் கேட்டுப் பாருங்கள். உங்கள் சபையின் பழைய அலமாரிகளிலும், ஓய்வு பெற்ற குருவானவர்களின் வீடுகளிலும் ஒரு பிரதி இருக்கக்கூடும். முதலில் வாசிக்க வேண்டியது எது என்று கேட்டால், தன்வரலாற்றையும் கிருஷ்ணபிள்ளை பற்றிய நூலையும் சொல்வோம். பக்தி மார்க்க நூல் கொஞ்சம் கடினம். யோவான் சுவிசேஷத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தால் வழி தெரியும்.